செயினுக்கும் சொட்டுப் பாசனம் தேவை

பாத்தி நிறையத் தண்ணீர் பாய்ச்சுவதைவிட வேரடியில் சொட்டுச் சொட்டாக விடுவதே மேல் என்பதைத் தருமபுரி மாவட்ட விவசாயிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மழையை நம்பியும் ஆழ்கிணற்றை நம்பியும் வாழும் மாவட்டம் இது. அதியமான்கோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தக்காளி, கத்தரி, சாமந்தி ஆகியவற்றுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவது இன்று சாதாரண விஷயம்.

ஆனால் அதே விவசாயி, விளைந்த தக்காளியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விடுவதில் மட்டும் பழைய வாய்க்கால் பாசனத்தைக் கைவிடவில்லை. மாதக்கணக்கில் செயினைக் காயப் போடுகிறார். அது கறகறவென்று சத்தமிட்ட பிறகு ஒரு நாள் குடத்தைக் கவிழ்த்தது போல எண்ணெயை ஊற்றுகிறார். ஊற்றிய எண்ணெயில் பாதி தரைக்கும், மீதியில் பாதி பின்சக்கரத்துக்கும் போகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருப்பது சில பயிர்களுக்கு நல்லது. செயினுக்கு அது ஆகாது.

செயினுக்குத் தானாக எண்ணெய் சொட்டும் சிறு கருவி ஒன்று வெளிநாடுகளில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது பணக்காரர்களின் பெரிய வண்டிக்குரிய அலங்காரப் பொருள் என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. தினமும் நெடுந்தூரம் ஓடும் பால் வண்டிக்கும் காய்கறி வண்டிக்கும்தான் அது அதிகம் பயன்படும். கருவியைப் பொருத்தாதவர்களும் "கொஞ்சமாக, அடிக்கடி" என்ற அதன் முறையைப் பின்பற்ற முடியும், பின்பற்றவும் வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இருந்த மரியாதை

மாட்டு வண்டி ஓடிய காலத்தில் அச்சுக்கு மசகு போடாமல் யாரும் வண்டி கட்டியதில்லை. நெடுந்தூரம் போகும் வண்டியில் வண்டி மை எப்போதும் கூடவே இருக்கும். ஆமணக்கெண்ணெய் ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் இருந்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. மசகு இல்லாத அச்சு ஓடும். ஆனால் தன்னையே தின்றுகொண்டு ஓடும்.

மாட்டு வண்டியின் இடத்துக்கு மோட்டார் வண்டி வந்தது. 1980ஆம் ஆண்டில், அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. (ஓசூர் 2004ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.) அன்று முதல் தமிழ்நாட்டு விவசாயியின் தலைச்சுமையும் வண்டிச்சுமையும் மெல்ல மெல்ல இரு சக்கரங்களின் மீது ஏறிவிட்டன. தீவனக்கட்டு, உரமூட்டை, பால் கேன், தக்காளிப் பெட்டி என எதுவும் இன்று மொபெட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறது. சுமை மாறிய அளவுக்குக் கவனிப்பு மாறவில்லை. மாட்டு வண்டி அச்சுக்குக் கிடைத்த மரியாதை செயினுக்குக் கிடைப்பதில்லை.

ஒரு கிலோமீட்டரில் 200 சுற்று

செயின் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண 100 சி.சி. வண்டியின் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 1.9 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 525 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். பின் பல்சக்கரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பற்கள்; செயினில் நூற்றுச் சொச்சம் கண்ணிகள். இவற்றைப் பெருக்கி வகுத்தால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் முழுச் செயினும் சுமார் 200 முறை சுற்றி வருகிறது. அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர். ஒரு முறை போய் வருவதற்குள் செயின் ஏறத்தாழ 3,000 சுற்றுச் சுற்றிவிடுகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கண்ணியும் முன் பல்சக்கரத்தில் ஒரு முறை மடங்கி நிமிர்கிறது. பின் பல்சக்கரத்திலும் அப்படியே. அந்த மடக்கு முழுவதும் கண்ணிக்குள் இருக்கும் பின்னுக்கும் அதைச் சுற்றியுள்ள குழலுக்கும் இடையில்தான் நடக்கிறது. 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் இந்த உருளைச் செயினை அமைத்த நாளிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. பின்னுக்கும் குழலுக்கும் இடையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் தேய்மானம் குறைவு. இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால் இரும்பு உரச இரும்பு தேயாதா?

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். உண்மையில் தகடு நீளுவதில்லை. நூற்றுச் சொச்சம் பின்களும் குழல்களும் தேய்ந்து, அந்தச் சிறு சிறு இடைவெளிகள் ஒன்றாகச் சேர்வதால்தான் செயின் தொங்குகிறது. இறுக்கிவிட்டால் தொய்வு போகும், தேய்மானம் போகாது. தேய்ந்த செயின் பல்சக்கரத்தின் பற்களையும் கொக்கி போல வளைத்துவிடும். பிறகு புதுச் செயின் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே கெட்டுவிடும். முன்சக்கரம், பின்சக்கரம், செயின் மூன்றையும் சேர்த்து மாற்ற நேரும்.

கருவியின் வேலை

தானாக எண்ணெய் விடும் கருவியில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஒரு சிறு எண்ணெய்ப் புட்டி, ஒரு மெல்லிய குழாய், அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. குழாயின் முனை பின் பல்சக்கரத்தை ஒட்டி நிற்கும். வண்டி ஓடும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு துளி பல்சக்கரத்தின் மீது விழும். சுழற்சியின் வேகத்தால் அந்தத் துளி வெளிப்புறமாக நகர்ந்து செயினின் உருளைகளுக்கும் தகடுகளுக்கும் இடையில் போய்ச் சேரும்.

இந்த எண்ணம் புதியதல்ல. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750 வண்டியில் என்ஜின் எண்ணெயே முன் பல்சக்கரத்தின் அச்சு வழியாகச் சிறிது சிறிதாகச் செயினுக்குக் கசியும்படி செய்திருந்தார்கள். 1980களில் ஸ்காட்லாந்தில் ஸ்காட்டாய்லர் என்ற கருவி வந்தது. என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவிசையைக் கொண்டு வால்வு திறக்கும்படி அதில் ஏற்பாடு உண்டு. என்ஜின் ஓடினால் எண்ணெய் சொட்டும், நின்றால் நின்றுவிடும்.

நம் ஊரிலும் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. தென்னை, மா மரங்களை அறுக்கும் எந்திர வாளைப் பார்த்தவர்கள், அதில் பெட்ரோலுக்கு ஒரு தொட்டியும் எண்ணெய்க்கு ஒரு தொட்டியும் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். வாள் ஓடும்போது அதன் செயினுக்கு எண்ணெய் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். எண்ணெய்த் தொட்டி காலியாக இருந்தால் அனுபவசாலி யாரும் மரத்தில் வாளை வைக்க மாட்டார். மரத்தை அறுக்கும் செயினுக்கு அவசியமானது, மனிதனைச் சுமக்கும் செயினுக்கு ஆடம்பரம் ஆகிவிடுமா?

இரண்டு ஆட்சேபங்கள்

இந்தக் கருவிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. இரண்டும் தள்ளத் தக்கவை அல்ல.

முதலாவது, புழுதி. தருமபுரிச் செம்மண் பாதையில் எண்ணெய்ப் பசையுள்ள செயின் ஓடினால் மண் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து சாணைக்கல் போல அரைக்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்தக் குறை கிரீசுக்கும், ஒரே நாளில் ஊற்றிய கெட்டி எண்ணெய்க்கும்தான் அதிகம் பொருந்தும். ஒட்டிய மண்ணோடு அதே எண்ணெய் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. கிரீஸ் கண்ணிக்குள் புகவும் புகாது. துளித்துளியாக வரும் மெல்லிய எண்ணெய், பழையதைப் புதியது தள்ளிக்கொண்டு போவதால் அழுக்கையும் ஓரளவு கழுவிவிடுகிறது. இதனால் துடைக்கும் வேலை முழுவதும் இல்லாமல் போய்விடாது. வாரம் ஒரு முறை துணியால் துடைத்தே தீர வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய் தெறித்து டயரில் படும் என்ற அச்சம். இது நியாயமான அச்சம். டயரின் தரையில் படும் பகுதியில் எண்ணெய் பட்டால் வளைவில் வண்டி சறுக்கும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே சறுக்கினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. ஆகவே அளவுதான் முக்கியம். சக்கரத்தின் உட்புற விளிம்பில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் அளவு அதிகம் என்று பொருள். உடனே திருகைக் குறைக்க வேண்டும். செயின் வெறுமனே பளபளத்து, விரல் வைத்தால் லேசாகக் கறை பட்டால் அளவு சரி. சிவப்பாகத் துரு தெரிந்தால் போதவில்லை.

கோடையில் எண்ணெய் இளகி வேகமாக இறங்கும். மார்கழிக் காலையில் கெட்டியாகித் தயங்கும். எனவே ஒரு முறை திருகி வைத்த அளவு ஆண்டு முழுவதும் பொருந்தாது. பருவத்துக்கு ஒரு முறை பார்த்துத் திருத்த வேண்டும். பயிருக்கும் அப்படித்தானே செய்கிறோம்?

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

எல்லோரும் இதை வாங்க வேண்டும் என்று சொல்வது முறையாகாது.

சில வண்டிகளில் செயின் முழுவதும் தகட்டுப் பெட்டிக்குள் மூடியிருக்கும். பழைய எஸ்டி வண்டிகளும், 1985ஆம் ஆண்டில் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியும் அப்படிப்பட்டவை. புழுதியும் மழையும் உள்ளே புகாத அந்த அமைப்புக்கு எண்ணெய்க் கருவி தேவையில்லை. பல பெரிய வண்டிகளில் கண்ணிக்குக் கண்ணி ரப்பர் வளையம் வைத்து, உள்ளே கிரீசை அடைத்த செயின் வருகிறது. அதற்கும் வெளிப்புற எண்ணெய் வேண்டும் என்றாலும் துரு பிடிக்காமலும் ரப்பர் காயாமலும் இருக்கும் அளவுக்கே வேண்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நாளைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கும் கருவி வேண்டாம். கையில் ஓர் எண்ணெய்க் குப்பி போதும்.

ரப்பர் வளையம் இல்லாத திறந்த செயினில் சுமையோடு தினமும் 50, 60 கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கே கருவி உதவும். விடியுமுன் 40 லிட்டர் கேன்களைக் கட்டிக்கொண்டு பால் எடுப்பவர்கள், பாலக்கோடு மண்டிக்கும் தருமபுரிச் சந்தைக்கும் காய்கறி ஏற்றுபவர்கள், கிராமம் கிராமமாகச் சென்று வியாபாரம் செய்பவர்கள் இந்த வகை. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும் என்று பல வண்டிகளின் கையேடுகள் சொல்கின்றன. இவர்களுக்கு எட்டொன்பது நாளில் 500 கிலோமீட்டர் ஓடிவிடும். விடியுமுன் எழுந்து இரவு திரும்புகிறவர் அந்த நாளைத் தவறாமல் நினைவில் வைப்பது கடினம். மனிதன் மறக்கும் இடத்தில்தான் கருவிக்கு வேலை.

எண்ணெய்ச் செலவும் பயப்படும்படி இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 60 கிலோமீட்டர் ஓட ஒன்றரை மணி நேரம். நிமிடத்துக்கு ஒரு துளி என்றால் 90 துளி. அது மூன்று நான்கு மில்லிலிட்டருக்கு மேல் போகாது. மாதத்துக்கு நூறு மில்லி எண்ணெய் போதும்.

சொந்தமாகச் செய்துகொள்வோர் கவனத்துக்கு

இறக்குமதிக் கருவி பல ஆயிரம் ரூபாய் ஆகும். பால் வியாபாரி அதை வாங்க மாட்டார். வாங்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் சொட்டுநீர்ப் பாசனத்தின் மெல்லிய குழாயும் சிறு திருகு வால்வும் தெரிந்த விவசாயிக்கும், கைத்திறன் உள்ள மெக்கானிக்குக்கும் இது செய்ய முடியாத பொருள் அல்ல. செய்யும்போது சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும்.

குழாயின் முனை செயினிலோ சக்கரத்திலோ சிக்காதபடி தகட்டில் உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும். ஆடும் குழாய் ஓடும் சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. துளி பல்சக்கரத்தின் அடிப்பக்கத்தில், செயின் பற்களில் சேரும் இடத்தை ஒட்டி விழ வேண்டும். பிரேக் டிஸ்க்கின் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது. புட்டியின் அடியில் திறந்து மூடும் வால்வு கட்டாயம் வேண்டும். வண்டியை நிறுத்தியதும் அதை மூடாவிட்டால் இரவெல்லாம் சொட்டி, காலையில் டயருக்கு அடியில் எண்ணெய்க் குட்டைதான் இருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் என்ஜினுக்குப் போகும் காற்றும் பெட்ரோலும் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படுகின்றன. அவற்றின் காற்றுக் குழாயில் துளை போட்டு இணைக்கக் கூடாது.

90 நம்பர் கியர் எண்ணெய் கையால் விடுவதற்கு நல்லது. மெல்லிய குழாயில் அது எளிதில் இறங்காது. அங்கே புதிய என்ஜின் எண்ணெய் போதும். வண்டியிலிருந்து கழித்த கறுப்பு எண்ணெயை மட்டும் எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. இரும்புத் துகளும் கரியும் கலந்த அது செயினை அரைக்கும், தோலுக்கும் கேடு, தோட்டத்து மண்ணில் சொட்டினால் மண்ணுக்கும் கேடு. பால் கேனும் கீரைக்கட்டும் போகும் வண்டியில் அதற்கு இடமே இல்லை.

விரலைக் காப்பாற்றுங்கள்

கருவியைப் பற்றிப் பேசுகையில் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர்கள் எண்ணம். துணி கண்ணியில் சிக்கினால் அடுத்த நொடி விரல் பல்சக்கரத்துக்குள் போய்விடும். இப்படி விரல் இழப்பவர்கள் உலகெங்கும் உண்டு. கதிர் அறுக்கவும் பால் கறக்கவும் வேண்டிய கை அது. என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றியே துடைக்க வேண்டும். எண்ணெயும் அப்படியே விட வேண்டும். ஓடும்போது கருவியே எண்ணெய் விட்டுக்கொள்வதால் செயினருகே கை போகும் தேவை குறைகிறது. இதற்காகவே அந்தக் கருவியை வரவேற்கலாம்.

கையால் எண்ணெய் விடுபவர்கள் காலையில் புறப்படும்போது விடாமல், மாலையில் வண்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது விட்டால் எண்ணெய் உள்ளே இறங்கும்; இரவில் மிச்சம் வடியும். காலையில் ஒரு முறை துடைத்துவிட்டுக் கிளம்பலாம். செயினின் கீழ்ப்பக்கத்தில், உட்புறமாக விட வேண்டும். மழையில் நனைந்த அன்று, நாள் கணக்குப் பாராமல் விட வேண்டும்.

தேய்மானத்தை அளக்கவும் ஓர் எளிய வழி உண்டு. 100, 125 சி.சி. வண்டிகள் பலவற்றில் செயினின் கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்தோராவது பின்னின் நடுவரை அளந்தால் புதுச் செயினில் 254 மி.மீ. இருக்கும். அது 259 மி.மீ. ஆகிவிட்டால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். தேய்ந்த செயின் ஓட்டத்தில் அறுந்தால் முன் பல்சக்கரத்தில் சுருண்டு என்ஜின் உடலை உடைக்கக்கூடும். பின்சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடவும் கூடும்.

செய்ய வேண்டியவர்கள்

சொட்டுநீர்ப் பாசனத்தை ஒவ்வொரு விவசாயியும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. அரசு மானியம் தந்தது. வேளாண் துறை தோட்டத்துக்கே வந்து காட்டியது. கம்பெனிகள் குழாய் செய்து விற்றன. அதன் பிறகுதான் பரவியது. செயின் விஷயத்தில் மானியம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும்.

சுமை வண்டி என்றே விளம்பரம் செய்து விற்கும் கம்பெனிகள், அந்த வண்டிகளின் செயினை முழுவதும் மூடித் தர வேண்டும். முடியாவிட்டால் சிறு எண்ணெய்க் கருவி ஒன்றைப் பொருத்தியாவது தர வேண்டும். செயின் செய்வதில் தமிழ்நாடு பின்தங்கியதல்ல. கோவையிலும் சென்னை அம்பத்தூரிலும் தோன்றிய நிறுவனங்கள் நாடு முழுவதும் செயின் விற்கின்றன. நல்ல செயின் செய்யத் தெரிந்தவர்களுக்கு மலிவான எண்ணெய்க் கருவி செய்வது பெரிய காரியமல்ல. வேளாண்மைப் பொறியியல் துறையும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையமும் பண்ணைக் கருவிப் பயிற்சி நடத்தும்போது டிராக்டருக்கும் களையெடுக்கும் கருவிக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை இரு சக்கர வண்டிக்கும் ஒதுக்கலாம். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு இந்தக் கருவியைச் செய்யும் பயிற்சி அளிக்கலாம். அவர்கள் செய்தது அதியமான்கோட்டைப் பட்டறையிலேயே விற்பனைக்கு வரட்டும்.

அதுவரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். சந்தை நாள் மாலையே நல்லது. ஒரு துணி, ஒரு குப்பி எண்ணெய், பத்து நிமிடம். இவ்வளவுதான் செலவு. தக்காளிக்கு விலை கிடைப்பதும் கிடைக்காததும் விவசாயி கையில் இல்லை. அந்தத் தக்காளி பாதி வழியில் நிற்காமல் மண்டிக்குப் போய்ச் சேர்வதும், போனவர் பத்திரமாக வீடு திரும்புவதும் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கின்றன.